வீடு பார்க்கப் போன இடத்தில் கிடைத்த பதில்

அஸ்ஸலாமு அலைக்கும், சகோதரிகளே. திண்டுக்கல்லை விட்டுப் போக வேண்டும் என்று என் கணவர் சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு நான் பட்ட பாட்டையும், என் ரப்பான அல்லாஹ் எங்களைக் காத்த விதத்தையும் உள்ளது உள்ளபடி சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு மேடையேறிப் பயான் செய்யத் தெரியாது. நான் திண்டுக்கல் பேகம்பூரில் பிறந்தவள். வாழ்க்கைப்பட்டதும் அங்கேயேதான், நாலு தெரு தள்ளி. பெயர் பவுசியா.

என் மகள் ரிஹானாவுக்கு எட்டு வயது. ஆறு வயதிலேயே அவளுக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. பெரியவர்களுக்கு வருகிற மாதிரி மாத்திரையில் அடங்குவது இல்லை இது. உடம்பில் இன்சுலின் சுரப்பதே நின்றுபோன வகை. தினமும் நான்கு ஊசி. ஊசி போட்டபின் அவள் சரியாகச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். முதலில் வியர்க்கும். பிறகு கை நடுங்கும். பேச்சு குழறும். அப்போது ஒரு வாய் சீனியாவது உள்ளே போகவில்லை என்றால் மயக்கம், வலிப்பு. அதற்கு மேல் எழுத என் கை வரவில்லை.

திண்டுக்கல்லில் இதை ஒருவழியாகச் சமாளித்துக்கொண்டிருந்தோம். பள்ளிக்கூடம் எங்கள் வீட்டிலிருந்து ஆறு நிமிட நடை. மத்தியானம் நான் போய் ஊசி போட்டு, சாப்பிட வைத்துவிட்டு வருவேன். வகுப்பு மிஸ்ஸின் மேசை இழுப்பறையில் எப்போதும் குளுக்கோஸ் இருக்கும். தெருமுனைப் பெட்டிக்கடைக்காரருக்கு அவளைப் பற்றித் தெரியும். ஆட்டோக்காரருக்குத் தெரியும். ஒரு தடவை தெருவில் விளையாடும்போது பிள்ளை தள்ளாடியிருக்கிறாள். சேதி கேட்டு நான் ஓடிப் போவதற்குள் கடைக்காரர் அவள் வாயில் கடலை மிட்டாயைத் திணித்து, நிழலில் உட்காரவைத்து விசிறிக்கொண்டிருந்தார். அப்படி ஒரு தெரு.

என் கணவர் தோல் தொழிற்சாலையில் இருக்கிறார். பதனிட்டு வந்த தோலைத் தடவிப் பார்த்து, மடக்கிப் பார்த்து, தரம் பிரிக்கிற வேலை. இருபது வருஷமாக வேறு எதுவும் செய்ததில்லை. போன வருஷம் நோன்புப் பெருநாள் கழிந்து பத்து நாள் இருக்கும். வேலை முடிந்து வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். தரம் பிரிக்கிற பிரிவை அப்படியே சென்னைக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறார்களாம். ஜூன் முதல் தேதி அங்கே நிற்க வேண்டும். போகாவிட்டால் வேலை இல்லை.

"நாப்பத்தி மூணு வயசுல நான் வேற என்ன தொழில் கத்துக்கப் போறேன்?" என்றார்.

போகத்தான் வேண்டும். ஆனால் எங்கே போய் இருப்பது?

கம்பெனி இருக்கும் இடம் தாம்பரத்தையும் தாண்டி வெகுதூரம். அதன் அருகிலேயே, நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, புதிதாக அடுக்குமாடி வீடுகள் கட்டியிருந்தார்கள். இவரோடு வேலை செய்யும் ஒருவர் ஏற்கெனவே அங்கே வீடு எடுத்துவிட்டார். அவர் அனுப்பிய படங்களை என் கணவர் கைபேசியில் காட்டினார். வாசலில் காவலாளி. பிள்ளைகள் விளையாட ஊஞ்சல், சறுக்கு. நீச்சல் குளம். வெள்ளை வெளேர் என்று சுவர். பைக்கில் பத்து நிமிடத்தில் வேலைக்குப் போய்விடலாம். ரயில் பாதையை ஒட்டிய பழைய புறநகர்கள் என்றால் நெருக்கடி, தண்ணீர்த் தொல்லை, தினமும் போகவர இரண்டரை மணி நேரம்.

ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். சென்னையில் இல்லாத ஆஸ்பத்திரியா என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. பிள்ளைக்கு நல்ல காற்றும் விளையாட இடமும் கிடைக்கும் என்றுதான் அவர் ஆசைப்பட்டார். எனக்கும் எதிர்த்துச் சொல்லக் காரணம் ஒன்றும் இல்லை. நெஞ்சுக்குள் ஒரு முள் மட்டும் இருந்தது. அது பயமா, ஊரை விட மனசில்லாத பிடிவாதமா என்று எனக்கே தெரியவில்லை.

அப்போதுதான் இஸ்திகாரா தொழ முடிவு செய்தேன். இரண்டு வழி முன்னால் நிற்கும்போது எது நல்லது என்று அல்லாஹ்விடமே கேட்கிற தொழுகை அது. காலையில் ரிஹானாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வந்து, கை, முகம், கால் கழுவி ஒளு செய்து, முற்பகல் ளுஹா நேரத்தில் இரண்டு ரக்அத் தொழுவேன். இந்த வீடு எங்களுக்கு நல்லது என்றால் லேசாக்கிக் கொடு, கெட்டது என்றால் எங்களை அதிலிருந்து திருப்பிவிடு என்று கேட்பேன். அதற்குமேல் என் சொந்தப் பேச்சில் அழுவேன்.

இஸ்திகாரா தொழுதால் கனவு வரும் என்று நம் பெண்கள் சொல்வார்கள். ஏழு நாள் தொழுதேன். ஒரு கனவும் வரவில்லை. அதற்குப் பதில் அந்த வீட்டுக் காரியம் எல்லாம் மளமளவென்று நடந்தது. வீட்டுக்காரர் வாடகையைத் தானாகக் குறைத்தார். பக்கத்திலிருந்த பள்ளிக்கூடத்தில் போனிலேயே இடம் இருக்கிறது என்றார்கள். நோயைப் பற்றிச் சொன்னதற்கு, நேரில் வாங்க பேசிக்கலாம் என்றார்கள்.

"பாத்தியா, எம்புட்டு லேசா முடியுது" என்றார் என் கணவர்.

லேசாக்கிக் கொடு என்று கேட்டவள் நான்தானே? பதில் வந்துவிட்டது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஆனாலும் அந்த முள் போகவில்லை. எட்டாம் நாள் நெற்றி தரையில் பட ஸஜ்தாவில் கிடந்து, "யா அல்லாஹ், நான் மக்கு. எனக்கு விளங்குற மாதிரி சொல்லு" என்று கேட்டேன்.

எப்படிச் சொல்வான் என்று அப்போது தெரிந்திருந்தால் கேட்டிருப்பேனா என்று இன்றும் எனக்குச் சந்தேகம்தான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து மூன்று பேரும் ரயில் ஏறினோம். தாம்பரத்தில் ஒரு லாட்ஜில் தங்கினோம். சனிக்கிழமை வீட்டைப் பார்த்து, பிடித்திருந்தால் அன்றைக்கே ஒப்பந்தம் எழுதுவதாகப் பேச்சு. தரகர் காரோடு வந்துவிட்டார். மத்தியானம் ஒரு ஹோட்டலில் ரிஹானாவுக்கு ஊசி போட்டேன். வெயிலுக்கும் அலைச்சலுக்கும் அவள் பாதித் தோசையோடு போதும் என்றுவிட்டாள். தரகரோ வீட்டுக்காரரின் ஆள் காத்திருக்கிறார் என்று அவசரப்படுத்தினார். அங்கே போய் பிஸ்கட் கொடுத்துக்கொள்ளலாம் என்று எழுந்துவிட்டேன். இது என் தப்பு. மறைக்க மாட்டேன்.

வீடு படத்தில் பார்த்த மாதிரியேதான் இருந்தது. நான்காம் மாடி. நல்ல வெளிச்சம். என் கணவர் முகத்தில் அத்தனை சந்தோஷம். ஒப்பந்தம் எழுத அவரும் தரகரும் கீழே அலுவலக அறைக்குப் போனார்கள். ரிஹானா தன் அறையை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்றாள். நாங்கள் இருவரும் மட்டும் அங்கே நின்றோம். அந்தக் கட்டடத்தில் குடிவந்திருந்ததே மூன்று குடும்பம்தான். எங்களுக்குப் படம் அனுப்பியவரின் குடும்பமும் ஊருக்குப் போயிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கண்ணுக்கு எட்டியவரை பொட்டல். ஒரு கடை இல்லை.

"அம்மா, வேர்க்குது" என்றாள் ரிஹானா.

தொட்டுப் பார்த்தேன். கழுத்து சில்லென்று ஈரமாக இருந்தது. பிஸ்கட், குளுக்கோஸ், சோதிக்கிற மெஷின் எல்லாம் என் பையில். பை தரகர் காரில். கீழேதானே என்று அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு லிஃப்டில் ஏறினேன். படியில் நடக்கவிட்டால் இன்னும் இறங்கிவிடும் என்று பயம்.

லிஃப்ட் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. விளக்கு அணைந்தது. மின்விசிறியும் நின்றது.

ஒரு நிமிடம் காத்திருந்தேன். ஜெனரேட்டர் போடுவார்கள் என்று நினைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கைபேசியில் சிக்னல் இல்லை. மணிப் பொத்தானை அமுக்கினேன். சத்தமே வரவில்லை. கைபேசி வெளிச்சத்தில் பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். உதடு வெளுத்திருந்தது.

"அம்மா, காலே இல்லாத மாதிரி இருக்கு."

உட்காரவைத்தேன். கதவைத் தட்டினேன், கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். "யாராச்சும் இருக்கீங்களா, புள்ளைக்குச் சீனி வேணும்." நான்கு மாடிக் கட்டடத்தில் என் சத்தம் எனக்கே திரும்பி வந்தது. உள்கதவை நகத்தால் இழுத்தேன். கொஞ்சம் விலகியது. எதிரே சிமெண்டுச் சுவர். மேலே, என் தலை உயரத்தில், ஏதோ ஒரு மாடியின் வெளிக்கதவின் அடிப்பாகம் மட்டும் தெரிந்தது. அது அசையவில்லை.

ரிஹானா ஏதேதோ பேச ஆரம்பித்தாள். மிஸ் வந்தாச்சா என்றாள். பெல் அடிச்சிருச்சா என்றாள். அவள் திண்டுக்கல்லில் வகுப்பறையில் இருந்தாள்.

அந்த நேரத்தில் எனக்கு ஓதத் தெரிந்த ஒன்றும் ஞாபகம் வரவில்லை, சகோதரிகளே. சிறுவயதிலிருந்து மனப்பாடம் செய்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. யூனுஸ் நபி மீன் வயிற்றின் இருட்டில் ஓதிய அந்த ஒரு துஆ மட்டும் நாக்கில் வந்தது. அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கதவைக் காலால் உதைத்துக்கொண்டே சொன்னேன். இந்த வீடு வேண்டாம், இந்த ஊர் வேண்டாம், எதுவும் வேண்டாம், ஒரு கை சீனி மட்டும் அனுப்பு என்று கேட்டேன். என் வாழ்நாளில் அல்லாஹ்விடம் அவ்வளவு சின்னதாக எதையும் கேட்டதில்லை.

மேலே காலடிச் சத்தம் கேட்டது.

"ஏத்தா, யாரு உள்ள?"

அந்தக் குரலை இன்னும் மறக்கவில்லை. எங்கள் பக்கத்துப் பேச்சு. சென்னைக்குப் பக்கத்தில், அந்தப் பொட்டலில், எங்கள் ஊர்ப் பேச்சு.

"புள்ளைக்குச் சர்க்கரை எறங்கிருச்சுக்கா. மயக்கம் போடப் போகுது. சீனி குடுங்க, சீனி."

அந்த அம்மா ஒரு கேள்வி கேட்கவில்லை. மொட்டை மாடியில் ஓடு பதிக்கிற ஆட்களைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. கடப்பாரை மாதிரி ஏதோ கொண்டுவந்து வெளிக்கதவை நெம்பினார்கள். இரண்டு விரல் அகலத்துக்கு வெளிச்சம் வந்தது. அந்த இடுக்கு வழியாகப் பேப்பரில் மடித்த சீனிப் பொட்டலம் ஒன்று என் தோளில் வந்து விழுந்தது.

ரிஹானாவுக்கு விழுங்கத் தெம்பு இருக்கிறதா என்று தெரியவில்லை. விரலில் சீனியை எடுத்துக் கன்னத்துக்கு உள்பக்கம் வைத்துத் தேய்த்தேன். மறுபடியும் வைத்தேன். "முழுங்குத்தா, முழுங்குத்தா" என்றேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அவள் நாக்கு அசைந்தது. கொஞ்ச நேரத்தில் தானாகச் சப்பினாள். அதற்குள் இடுக்கை இன்னும் கொஞ்சம் அகலமாக்கி, பிளாஸ்டிக் பையில் கட்டிய டீயை நூலில் இறக்கினார்கள். வெதுவெதுப்பான டீ. நிறைய சீனி. ஒவ்வொரு வாயாகக் குடித்தாள். குடித்து முடித்து, "அம்மா, ஏன் இருட்டா இருக்கு?" என்று தெளிவாகக் கேட்டாள்.

அப்போதுதான் நான் அழுதேன்.

கரண்ட் வர அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. கீழே கதவு திறந்தபோது என் கணவர் நின்ற நிலையை எழுத்தில் சொல்ல முடியாது. சேதி தெரிந்து ஓடிவந்து, லிஃப்ட் கதவில் அடித்து அடித்து அவர் கை வீங்கியிருந்தது. காரிலிருந்து மெஷினை எடுத்துச் சோதித்தோம். அவ்வளவு சீனி போயும் ஐம்பத்தெட்டுதான் காட்டியது. பிஸ்கட் கொடுத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். பக்கம்தான் என்று தரகர் சொன்ன ஆஸ்பத்திரிக்குப் போய்ச்சேர நாற்பது நிமிடம் ஆனது. சீனி உடனே கிடைத்திருக்காவிட்டால் இந்த நாற்பது நிமிடத்தைப் பிள்ளை தாங்கியிருக்காது என்று டாக்டர் சொன்னார்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் அந்த அம்மாவின் கையைப் பிடித்திருந்தேன். பெயர் பாண்டியம்மா. சொந்த ஊர் திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் சித்தையன்கோட்டை. பிழைக்க வந்து பன்னிரண்டு வருஷமாம். வேலை நடக்கிற கட்டடங்களுக்கு டீ கொண்டுபோய் விற்கிறார். அன்றைக்கு அந்தக் கட்டடத்துக்கு வருகிற நாளே இல்லையாம். வழக்கமாகப் போகிற இடத்தில் வேலை நின்றுவிட்டதால் மிச்ச டீயோடு இங்கே ஏறியிருக்கிறார்.

"இந்த மாதிரிப் புள்ளைய வச்சுக்கிட்டு இங்கன வராதத்தா" என்றார். "கேட்டத் தாண்டுனா ஒரு துளி சீனி வாங்கக் கடை கெடையாது. நாங்க இருக்குற பக்கம் நெருக்கடிதான். தண்ணி ஒரு நா விட்டு ஒரு நாதான் வரும். ஆனா நீ ஒரு சத்தம் குடுத்தா ஏழு வீட்டுக்காரி எட்டிப் பாப்பா."

சாயங்காலம் லாட்ஜில் ரிஹானா தூங்கிவிட்டாள். தரகர் போன் செய்துகொண்டே இருந்தார். என் கணவர் எடுத்து, வீடு வேண்டாம் என்று மட்டும் சொல்லி வைத்தார். பிள்ளையின் போர்வையைச் சரிசெய்தார். பிறகு கேட்டார்.

"தொழுதியே, என்ன கேட்ட?"

"நல்லது இல்லைன்னா எங்களத் திருப்பிவிட்ருன்னு கேட்டேன்."

அவர் எழுந்து ஒளு செய்யப் போனார். திரும்பி வந்து தொழுதபோது அவர் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் பாண்டியம்மா சொன்ன இடத்துக்குப் போனோம். ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். தெருவில் இரண்டு வண்டி எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டும். முதலில் பார்த்த வீட்டில் எங்கள் பெயரைக் கேட்டதும் வேறு ஆள் வந்துவிட்டது என்றார்கள். இன்னொன்று ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது. இரண்டே அறை. கடைக்காரரே வீட்டுக்காரர். பிள்ளைக்கு என்ன மருந்து என்று கேட்டவர், அதை எப்போதும் குளிர்பெட்டியில் வைத்திருப்பதாகச் சொன்னார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

ஆனால் சோதனை அதோடு முடியவில்லை. பள்ளிக்கூடம் கிடைக்கவில்லை. திண்டுக்கல் திரும்பி, பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டே ஒவ்வொரு பள்ளிக்கூடமாகப் போன் செய்தேன். இரண்டு இடத்தில், அந்தப் பொறுப்பை நாங்கள் ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மே மாதம் முடியப்போகிறது. பக்கத்து வீட்டார், பிள்ளையை நீ இங்கேயே வைத்துக்கொள், அவர் மட்டும் போகட்டும் என்றார்கள். மறுபடியும் முஸல்லாவை விரித்துத் தொழுதேன். இந்தத் தடவை கனவுக்குக் காத்திருக்கவில்லை. லிஃப்டுக்குள் எட்டிப் பார்த்தவனுக்கு ஒரு பள்ளிக்கூடக் கதவு பெரிதா என்று கேட்டேன்.

கிளம்புவதற்கு மூன்று நாள் இருக்கும்போது மூன்றாவது பள்ளிக்கூடத்திலிருந்து தலைமையாசிரியை பேசினார். நான் ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"மத்தியானம் நீங்களே வந்து போடுங்க. நீங்க வரமுடியாத அன்னைக்கு நான் போடுறேன். எப்படின்னு ஒரு நாள் சொல்லிக் குடுங்க."

அல்ஹம்துலில்லாஹ். போனை வைத்துவிட்டு, கட்டிய சாக்குகளுக்கு நடுவிலேயே ஸஜ்தா செய்தேன்.

இப்போது ஒரு வருஷம் ஆகப்போகிறது. அந்த நெருக்கடியான தெருவில் அல்லாஹ் எங்களை நன்றாக வைத்திருக்கிறான். என் கணவர் விடியலில் பஜ்ருத் தொழுதுவிட்டுக் கிளம்பினால் இரவு இஷாவுக்குத்தான் வருகிறார். ஒரு நாளும் முனகியதில்லை. தண்ணீர் வராத நாளில் குடம் தூக்குகிறேன். ரிஹானா ஊசியைத் தானே போடக் கற்றுக்கொண்டிருக்கிறாள். வெளியே எங்கே போனாலும் அவள் சட்டைப்பையிலும் என் முந்தானை முடிச்சிலும் சீனி இருக்கும். துஆ கேட்டவள் கையில் சீனியும் வைத்திருக்க வேண்டும் என்று படித்துக்கொண்டேன்.

போன மாதம் பேகம்பூர் வந்திருந்தபோது ஒரு சகோதரி என்னிடம் கேட்டார், அந்த டீக்காரம்மா வராமல் இருந்திருந்தால் என்று. என்னைப் போலவே கேட்டும் கிடைக்காத தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் நான் பெருமையாக ஒன்றும் பேச மாட்டேன். நான் கேட்டேன், அவன் எனக்குக் கொடுத்தான். அதைச் சொல்லாமல் இருந்தால் நான் நன்றி கெட்டவள் ஆகிவிடுவேன்.

உங்களில் யாராவது இப்போது ஊர் மாற வேண்டிய நிலையில், எங்கே போவது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருக்கலாம். முதலில் இரண்டு ரக்அத் தொழுது உங்கள் ரப்பிடம் கேளுங்கள். பிறகு அந்தத் தெருவுக்கு ஒரு மத்தியான வேளையில் போய் நில்லுங்கள். சத்தம் போட்டால் யார் வருவார்கள் என்று பாருங்கள். வழி அடைபட்டால் கலங்காதீர்கள். அடைப்பவனும் அவன்தான், திறப்பவனும் அவன்தான். உங்கள் பிள்ளைகள் கால் வைக்கிற ஒவ்வொரு வாசலிலும் அவன் காவல் இருக்கட்டும். ஆமீன்.